கேளிக்கைப் பூங்காவுக்குக் குழந்தை வண்டி வேண்டுமா?

பள்ளி விடுமுறை தொடங்கியதும், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில் ஒரு திட்டம் தவறாமல் உருவாகிறது. ரயிலில் இடமும் அலுவலகத்தில் விடுப்பும் கிடைத்தவர்கள் சொந்த ஊருக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். கிடைக்காதவர்கள், குழந்தைகளின் ஏக்கத்தைத் தணிக்க, அருகிலுள்ள கேளிக்கைப் பூங்காவுக்காவது ஒரு நாள் போய் வரலாம் என்று முடிவு செய்கிறார்கள். சீட்டு, மாற்றுடை, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் பேசி முடித்த பின்பு, புறப்படுவதற்கு முந்திய இரவில், வீட்டு மூலையில் மடித்துச் சாத்தியிருக்கும் குழந்தை வண்டியின்மீது எல்லோருடைய பார்வையும் விழுகிறது. “மூன்றரை வயதாகிவிட்டதே, இனி எதற்கு இந்த வண்டி?” என்கிறார் ஒருவர். “வழியில் கால் வலிக்கிறது என்று அழுதால் யார் தூக்குவது?” என்கிறார் மற்றொருவர். இந்தச் சிறு வழக்கைத்தான் இன்று நேயர்கள் முன் வைத்து ஆராய விரும்புகிறேன்.

வழக்கு சிறியதுதான். ஆயினும் அதன் தீர்ப்பு தவறினால் ஒரு நாளின் மகிழ்ச்சி முழுவதும் கெட்டுவிடும். சில வேளைகளில், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் உடல்நலமும் கெட்டுவிடும். என் அனுபவத்தில் இரண்டும் நேர்ந்தன. அவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனாதலால், முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இவ்வண்டிக்கு ஸ்ட்ரோலர் என்று பெயர். நிதானமாக உலாவுதல் என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது அது. உலாவுகிறவர் தள்ளுகிறவர், பெயரோ உட்கார்ந்திருப்பவரின் வண்டிக்கு வந்துவிட்டது! தமிழில் தள்ளுவண்டி என்றால் காய்கறி விற்பவரின் வண்டியே நம் நினைவுக்கு வரும். நடைவண்டி என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது குழந்தை தானே பிடித்துத் தள்ளி நடை பழகும் மரவண்டி. பிள்ளைத்தமிழில் ஆண்பாற் குழந்தைக்குரிய பருவங்களுள் ஒன்று சிறுதேர்ப் பருவம். அங்கும் குழந்தைதான் தேரை உருட்டுகிறது, தேர் குழந்தையைச் சுமப்பதில்லை. எனவே இவ்வுரையில் குழந்தை வண்டி என்றே சொல்லிச் செல்கிறேன்.

இந்த வண்டி ஏறக்குறைய 300 ஆண்டு வரலாறு உடையது. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகள் தோட்டத்தில் உலாவி வருவதற்காக, 1733-இல் வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு சிறு வண்டி அமைத்துக் கொடுத்தார். அதை ஆட்டுக்கிடாய் போன்ற சிறு விலங்கு இழுத்துச் செல்லும்படி அமைத்திருந்தார். பின்னர் விலங்கு போய், மனிதர் தள்ளும் வண்டி வந்தது. 1889-இல் அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர், குழந்தை தாயின் முகம் பார்க்கும்படியும் வெளியுலகைப் பார்க்கும்படியும் திருப்பி வைக்கத்தக்க தொட்டிலைக் கொண்ட வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் அவ்வண்டிகள் எல்லாம் கனமானவை. பங்களாவும் தோட்டமும் உடையவர்களுக்கே ஏற்றவை. சாதாரணக் குடும்பத்துக்கு உரிய மாற்றத்தைச் செய்தவர் ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மடங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றியவர் அவர். பேரக் குழந்தையின் கனத்த வண்டியோடு மகள் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டியொன்றை 1965-இல் உருவாக்கினார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று நம் வீட்டு மூலையில் சாத்தியிருக்கும் மடிப்பு வண்டிகள் பலவும் அதன் வழிவந்தவையே.

இன்றைய வகைக் கேளிக்கைப் பூங்காவின் வரலாறு இதனினும் இளையது. ஒரே வாயில், ஒரே மதில், உள்ளே கதையுலகங்களாகப் பிரிக்கப்பட்ட பல பகுதிகள் என்ற அமைப்புக்கு உலகெங்கும் முன்மாதிரியாக விளங்கியது, 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து. நம் நாட்டில், தலைநகர் தில்லியில் 1984-இல் அப்பு கர் திறக்கப்பட்டது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாயிருந்த யானைக்குட்டியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 2008-இல் அது மூடப்பட்டபோது வருந்தாத தில்லித் தமிழ்க் குடும்பம் இருந்திராது. கொல்கத்தாவில் 1991-இல் நிக்கோ பூங்காவும், ஹைதராபாத்தை அடுத்து 1996-இல் ராமோஜி திரைப்பட நகரமும், பெங்களூரை அடுத்த பிடதியில் 2005-இல் வொண்டர்லாவும், மும்பைக்கும் புனேக்கும் இடையே கோப்போலி அருகே 2013-இல் இமேஜிகாவும் தோன்றின.

இவற்றின் பரப்பைக் கவனித்தால் நம் வழக்கின் முதற் சாட்சியம் கிடைத்துவிடும். நிக்கோ பூங்கா ஏறத்தாழ 40 ஏக்கர். அதை ஒரு சதுரமாக எண்ணிக்கொண்டால், ஒரு பக்கம் 400 மீட்டர். சுற்றி வந்தால் 1,600 மீட்டர். இது ஒன்றும் பெரிய தொலைவன்று. ஆனால் பூங்காவில் யாரும் மதிலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்புவதில்லை. ராட்டினத்துக்கு வரிசை நீண்டிருந்தால் படகுக்குப் போகிறோம். பின்பு ராட்டினத்துக்கே திரும்பி வருகிறோம். இடையில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் நடக்கிறோம். மாலைக்குள் அதே பாதையை நான்கைந்து முறை அளந்துவிடுகிறோம். ராமோஜி நகரமோ 1,600 ஏக்கருக்கும் மேற்பட்டது. அங்கே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பேருந்தில்தான் அழைத்துச் செல்கிறார்கள். எனினும் பேருந்திலிருந்து இறங்கிய பின் நடக்க வேண்டிய நடை நடந்தே தீரவேண்டும். பேருந்தில் ஏறும்போதெல்லாம் குழந்தை வண்டியை மடிக்கவும் வேண்டும். ஆக, ‘பெரிய பூங்கா, ஆகையால் வண்டி வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதற்கும் இடமில்லை.

மூன்று வயதுக் குழந்தை நம் உயரத்தில் பாதியைச் சற்றே கடந்திருக்கும். நாம் ஓரடி வைத்துக் கடக்கும் தொலைவுக்கு அது ஏறக்குறைய இரண்டடி வைத்தாக வேண்டும். ஆகையால் நமக்கு நான்கு கிலோமீட்டரான ஒரு நாள் நடை, குழந்தையின் கால்களுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரைப் போன்றதாகும். மேலும், குழந்தை களைப்பை முன்கூட்டி அறிவிப்பதில்லை. புதுமையைக் காணும் ஆவலில் பிற்பகல் வரையில் துள்ளியோடும். பிறகு ஒரு கணத்தில், பாதையின் நடுவே அமர்ந்துவிடும். பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் களைப்பு.

இனி என் அனுபவங்களைச் சொல்கிறேன். என் மூத்த மகளுக்கு மூன்றரை வயதாயிருந்தபோது, திருவாரூரிலிருந்து என் தாயார் தில்லிக்கு வந்திருந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு பூங்காவுக்குச் செல்ல ஏற்பாடாயிற்று. வண்டியை எடுக்கப் போனேன். உடன் வந்த உறவினர் ஒருவர், “இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வண்டியா? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வண்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. பகலெல்லாம் மகள் மான்குட்டிபோல் ஓடினாள். மாலை ஐந்து மணிக்கு வாயிலை விட்டு வெளியே வந்ததும், நின்ற இடத்திலேயே உறங்கி விழுந்தாள். வண்டிகள் நிறுத்தியிருந்த திடலோ வெகுதூரத்தில் இருந்தது. என் இரு கைகளிலும் பைகள். என் மனைவியின் கையில் அன்றைக்குக் காய்ச்சலோடிருந்த உறவினர் குழந்தை. “கொடுப்பா, நான் தூக்கிக்கிறேன். உன்னைத் தூக்காத இடுப்பா?” என்று என் தாயார் பேத்தியை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி உண்டென்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். 14 கிலோ எடையுள்ள உறங்கும் குழந்தையைச் சுமந்து அவ்வளவு தூரம் நடந்தார்கள். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ அவர்களால் முடியவில்லை. ஊருக்குத் திரும்புகிற நாள்வரையில் கோலைப் பிடித்துத்தான் நடந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்றளவும் உறுத்துகிறது.

அன்றிரவு எனக்குத் திருவாரூர்த் தேரோட்டம் நினைவுக்கு வந்தது. ஆழித்தேர் நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வருவதைக் காணப் போகும் குடும்பங்கள் எந்த வண்டியைக் கொண்டுபோயின? எதையும் கொண்டுபோகவில்லை. ஆனால் குழந்தை தாயின் இடுப்பிலிருந்து அத்தையின் இடுப்புக்கும், அங்கிருந்து தாய்மாமன் தோளுக்கும், பின்பு பெயர் தெரியாத ஓர் அண்டைவீட்டுக்காரரின் மடிக்கும் மாறிக்கொண்டேயிருந்தது. உறங்கினால், தெரிந்தவர் வீட்டுத் திண்ணை இருந்தது. உத்தரத்தில் கட்டத் தூளி இருந்தது. வண்டி இல்லாமல் நம் முன்னோர் குழந்தைகளை வளர்க்கவில்லையா என்று கேட்கிறவர்கள், அந்த முன்னோருக்கு எத்தனை கைகள் துணையிருந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பிழைப்பைத் தேடி வெளிமாநிலம் வந்த நமக்கு, கணவனும் மனைவியுமாக நான்கே கைகள். அவற்றிலும் இரண்டில் பைகள். வராத அத்தைக்கும் மாமனுக்கும் பதிலாக நாம் அழைத்துச் செல்லும் துணைதான் குழந்தை வண்டி. அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

இவ்வளவில் உரையை நிறுத்திவிட்டால், எல்லோரும் வண்டியோடே புறப்படுக என்று நான் சொன்னதாகிவிடும். இரண்டாவது அனுபவம் அதற்குத் தடையாக நிற்கிறது. முதலில் பட்ட பாட்டை நினைத்து, மகன் பிறந்ததும் பெரிய சக்கரங்களும் பெரிய கூடையும் கொண்ட கனத்த வண்டியொன்றை வாங்கினேன். அவனுக்கு இரண்டு வயது நிரம்பியபோது அதைப் பூங்காவுக்குக் கொண்டுசென்றோம். ஆட்டோ ரிக்ஷாவில் அது நுழையவில்லை. மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கிக்காக நின்ற நேரத்தில் இரண்டு ரயில்கள் போய்விட்டன. பூங்காவுக்குள் எங்கு பார்த்தாலும் படிகள். மகனோ, தன் அக்காவைப் போல ஓடவேண்டுமென்று அடம்பிடித்து வண்டியில் உட்காரவே மறுத்தான். காலியாயிருக்கிறதே என்று பைகளையெல்லாம் அதன் கைப்பிடியில் மாட்டினோம். நெடுநேரம் கெஞ்சி அவனை அதில் உட்கார வைத்து, சற்று நேரத்தில் இறக்கிய கணத்தில், வண்டி பின்புறமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. மாற்றுடைகள் முழுவதும் தண்ணீர்ப் புட்டியால் நனைந்தன. ஒரு கணம் முந்திக் கவிழ்ந்திருந்தால், அவன் தலை தரையில் மோதியிருக்கும்.

இரண்டு அனுபவங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ‘குழந்தைக்கு வயது என்ன?’ என்பது இவ்வழக்கில் முதற் கேள்வியே அன்று. காலையில் குழந்தை எப்படி நடக்கும் என்பதும் கேள்வியன்று. காலையில் எல்லாக் குழந்தைகளும் நன்றாக நடக்கும். மாலையில், உறக்கம் வந்த குழந்தையோடு, வாயிலிலிருந்து வீடு வரையில் எவ்வாறு திரும்பப் போகிறோம் என்பதே கேள்வி. திரும்பும் வழியை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டால், மற்றவை தாமே தெளியும்.

அவ்வாறு எண்ணும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, உறக்கம். உங்கள் குழந்தைக்கு இன்னும் பகலில் உறங்கும் வழக்கம் உண்டா? உண்டெனில், பூங்காவிலும் அந்த நேரத்தில் அதற்குக் கண் சொருகும். அரை நாளில் திரும்புவதாயின் வண்டி தேவைப்படாமற் போகலாம். விளக்கலங்காரமும் இரவு ஊர்வலமும் கண்ட பிறகே திரும்புவதென்றால், ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது தேவைப்படலாம்.

இரண்டாவது, கைகள். தூக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணுங்கள். அந்தக் கணக்கில் பாட்டியையும் தாத்தாவையும், கருவுற்றிருக்கும் பெண்ணையும் சேர்க்காதீர்கள். ‘நான் தூக்குகிறேன்’ என்று அவர்கள் சொல்லத்தான் சொல்வார்கள். அன்பினால் சொல்லப்படும் அச்சொல்லைக் கேட்டு அவர்கள்மேல் சுமையை ஏற்றலாகாது. பெற்றோர் இருவருக்கு இரண்டு சிறு குழந்தைகள் என்றால், ஒரு வண்டியாவது இருப்பது நலம். ஒருவர் மூத்த குழந்தையோடு ராட்டினத்தில் ஏறும்போது, மற்றவர் இளைய குழந்தையோடு வெளியே காத்திருக்க நேரும். பல பூங்காக்களில் விளையாட்டுகளுக்கு மட்டுமன்றி நுழைவுக் கட்டணத்துக்கும் வயதைவிட உயரமே அளவுகோலாயிருக்கிறது. ஆகவே உயரம் போதாத குழந்தை காத்திருக்கும் நேரம் நாம் எண்ணுவதைவிட மிகுதி.

மூன்றாவது, போக்குவரத்து. சொந்தக் காரில் போகிறவருக்குப் பொருந்தும் வண்டி, பேருந்திலும் மெட்ரோவிலும் போகிறவருக்குப் பொருந்தாது. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடிக்க முடிகிறதா என்பதுதான் பயணிக்குரிய வண்டியின் சோதனை. வீட்டில் இரண்டு முறை மடித்துப் பழகிய பின்பே புறப்படுங்கள். நகரும் படிக்கட்டில் குழந்தையோடு வண்டியை ஏற்றுவது ஆபத்து. நேரமானாலும் மின்தூக்கியையே நாடுங்கள்.

நான்காவது, பூங்காவின் தரை. நீர் விளையாட்டுகளே முதன்மையான பூங்காவில், நாளின் பெரும்பகுதி குழந்தை தண்ணீரிலேயே இருக்கும்; வண்டி கரையில் காத்துக் கிடக்கும். அங்கே அதன் பயன் உறக்கத்துக்கும் திரும்பும் வழிக்கும் மட்டுமே. குன்றும் படிகளும் நிறைந்த இடத்தில் வண்டியே ஒரு சுமையாகிவிடும். எங்காயினும், வரிசை நிற்கும் கம்பித் தடுப்புகளுக்குள் வண்டி செல்லாது. அதை வெளியே விட்டுச் செல்லும்போது பணமும் தொலைபேசியும் அதில் இருக்கலாகாது. ஒரே நிறத்தில் பல வண்டிகள் நிற்குமாதலால், கைப்பிடியில் ஒரு வண்ணத் துணியைக் கட்டி வைப்பது அடையாளத்துக்கு உதவும். வாடகைக்கு வண்டி தருகிறார்களா என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டறிந்துகொள்வது நல்லது. ஆனால் வாடகை வண்டியை வாயிலிலேயே திருப்பித் தந்துவிட வேண்டியிருக்கும். வாயிலுக்கு வெளியேயுள்ள நீண்ட நடைக்கு அது உதவாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது, பருவம். நம் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளி விடுமுறை கோடையில் வருகிறது. வண்டியில் இருக்கும் குழந்தை, சூடேறிய தரைக்கு நம்மைவிட அருகில் இருக்கிறது. வெயிலுக்கு மறைவாகத் துண்டையோ போர்வையையோ வண்டியின்மீது போர்த்திவிடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. இது நன்மை செய்வதாக நினைத்துச் செய்யும் தீமை. காற்றோட்டம் தடைப்பட்டு, உள்ளே வெப்பம் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த துணியைப் போர்த்தியபோது வண்டியினுள் வெப்பம் கூடியதும், மெல்லிய துணியை நனைத்துப் போர்த்தியபோது குறைந்ததும் தெரியவந்தன. துணியை அடிக்கடி நனைக்க வேண்டும். குழந்தையின் முகம் நம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டேயிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது, நண்பகலை மரநிழலிலோ கூரையின் கீழோ கழித்துவிடுவது. தில்லிக் குளிரில் நிலைமை நேர்மாறானது. நடக்கிற நமக்கு உடம்பு சூடேறும். அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு ஏறாது. கால்களைப் போர்த்தி வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்பே வயதைக் கணக்கில் கொள்ளலாம். தலை நிற்காத கைக்குழந்தைக்குக் குடைபோல் மடங்கும் எளிய வண்டி ஏற்றதன்று; முதுகு முழுவதும் சாய்ந்து படுக்கத்தக்க வண்டி வேண்டும். அல்லது தாயின் மார்போடு அணைத்துக் கட்டும் துணி போதும். வடகிழக்கு மாநிலங்களில் வாழும் நேயர்கள், அங்குள்ள தாய்மார் நெய்த துணியால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுவதை அன்றாடம் பார்த்திருப்பார்கள். ஒன்று முதல் மூன்று வயது வரையில், முழு நாள் பயணத்துக்கு வண்டி பெரும்பாலும் இன்றியமையாதது. மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே, மேற்சொன்ன ஐந்து கேள்விகளே தீர்ப்புச் சொல்லும். ஐந்தைக் கடந்த குழந்தை, உடல்நலக் குறைவு ஏதும் இல்லாவிடில், இடையிடையே ஓய்வு கொடுத்தால் நடந்துவிடும். நான்கு வயதுக் குழந்தை வண்டியில் இருப்பதைக் கண்டு நகைக்க வேண்டாம். அதன் காலிலோ நெஞ்சிலோ உள்ள நோயை அதன் தாய் ஊரறியச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

வண்டி இருக்கிறது என்பதற்காகக் குழந்தையை நாள் முழுவதும் அதில் கட்டி வைப்பதும் தவறே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வண்டியிலோ நாற்காலியிலோ ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவிடாமல் வைக்கலாகாது என்று கூறியிருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்றும் சொல்கிறது. மேலும், வண்டியில் அமர்ந்த குழந்தைக்குக் கூட்டத்தில் தெரிவன முன்னால் நிற்பவர்களின் முழங்கால்களே. ஊர்வலம் வரும்போது அதைத் தோளில் ஏற்றிக் காட்டுங்கள். தேரைத் தந்தையின் தோளிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரியும்.

வண்டியைப் பயன்படுத்துவோர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் சில. இடுப்புக்கும் தோளுக்கும் உரிய வார்களை ஒவ்வொரு முறையும் மாட்டுங்கள். நின்றவுடன் தடையை அழுத்துங்கள். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். கீழேயுள்ள கூடையில் வையுங்கள். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையை எட்ட நிறுத்துங்கள். 2009-இல் அமெரிக்காவில், கீல் இடுக்கில் குழந்தைகளின் விரல்நுனி துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிகளை அடுத்து, ஏறத்தாழ 10 இலட்சம் மடிப்பு வண்டிகள் குறித்துப் பொது எச்சரிக்கை விடப்பட்டு, கீலை மூடும் உறைகள் வழங்கப்பட்டன. பெரிய வண்டியே சிறந்த வண்டி என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் வண்டிகள் பெருத்துப் பாதைகளை அடைக்கவே, 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்டவை உள்ளே வரலாகாது என்று 2019 மே முதல் விதித்துவிட்டார்கள். நம் வண்டி நமக்கு வசதி. பிறர் கணுக்காலுக்கு இடையூறாகிவிடக் கூடாது.

கடைசியாக முதியவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையரையும் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். குழந்தையாவது கால் வலித்தால் அழுகிறது. அவர்கள் அழுவதில்லை, ‘நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்’ என்று மட்டும் சொல்வார்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்பே விசாரித்து வைப்பது, குழந்தை வண்டியைப் பற்றி யோசிப்பதைப் போலவே நம் கடமையாகும்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தக் கனத்த வண்டி இல்லை. என் தம்பி குடும்பத்தோடு தில்லிக்கு வரும்போது பயன்படட்டும் என்று, எளிதில் மடங்கும் சிறிய வண்டியொன்று வாங்கி வைத்திருக்கிறோம். சென்ற குளிர்காலத்தில் அவனுடைய மூன்று வயது மகளை ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். காலையில் அவள் அதில் அமரவில்லை. கைப்பிடியைத் தானே பற்றிக்கொண்டு, நடைவண்டிபோல் தள்ளிக்கொண்டு முன்னே ஓடினாள். மாலையில் அதில் உறங்கிப் போனாள். வாயிலிலிருந்து பேருந்து நிலையம்வரை நாங்கள் முறை வைத்துத் தள்ளி வந்தோம். என் தாயார் எங்கள் பக்கத்தில் கைவீசி நடந்து வந்தார்கள்.